வீரபாகுவின் நான்காவது தோல்வி

ஆரணி பாவடித் தெருவுக்கு வந்து கவுன்சிலர் வீடு எது என்று கேட்டால் இரண்டு வீட்டைக் காட்டுவார்கள். ஒன்று, மூன்று முறை ஜெயித்த ஜெயக்குமாரின் மாடி வீடு. இன்னொன்று, அதே மூன்று முறையும் தோற்ற வீரபாகுவின் வீடு. ஜெயித்தவரைத் தெரு மரியாதைக்குக் கவுன்சிலர் என்றது. தோற்றவரைப் பொழுது போகாமல் அப்படிக் கூப்பிட்டது. இந்த வித்தியாசம் வீரபாகுவுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும், டீக்கடையில் யாராவது "வாங்க கவுன்சிலரே" என்றால் அவர் கை தன்னால் எழுந்து தோள் துண்டைச் சரி செய்யும்.

2001-ல் பூட்டு சாவிச் சின்னத்தில் நின்று முப்பத்தெட்டு ஓட்டு வாங்கினார். 2006-ல் அலமாரி, எழுபத்தொன்று. முப்பத்தெட்டிலிருந்து எழுபத்தொன்று என்பது வளர்ச்சி என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னார். 2011-ல் தண்ணீர்க் குழாய், அறுபத்துநான்கு. இதற்கு அவர் ஒரு பெயரும் வைக்கவில்லை. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை என்று தெருதான் வைத்தது. 2016-ல் மனுப் போட்டு, நோட்டீஸ் அடித்து, மாலைக்குச் சொல்லிவிட்டு வருவதற்குள் கோர்ட்டில் அந்தத் தேர்தலையே ரத்து செய்துவிட்டார்கள். வாழ்க்கையில் அவர் தோற்காத தேர்தல் அது ஒன்றுதான். "பதினாறுல மட்டும் எலக்‌ஷன் நடந்திருந்தா..." என்று அவர் ஆரம்பித்தால் எதிரே உட்கார்ந்திருப்பவர் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

இப்படித் தோற்றவன் வேறு வேலையைப் பார்க்கப் போவான். வீரபாகுவுக்கு வேலை இல்லாமலும் இல்லை. பட்டும் ஜரிகையும் வாங்கிக் கொடுத்து, பதினான்கு தறியில் கூலிக்கு நெய்ய வைத்து, சேலையைக் கடைகளுக்குப் போடுகிற நல்ல வியாபாரம். ஆனால் அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று யாரோ அவருக்குச் சின்ன வயதில் சொல்லித் தொலைத்துவிட்டார்கள். அம்மி நகரவில்லை, அடித்தவர் கைதான் வீங்கியது. எட்டுத் தேர்தலில் தோற்றுக் கடைசியில் ஜனாதிபதி ஆன அமெரிக்காக்காரர் ஒருவரைப் பற்றிய வாட்ஸ்அப் செய்தியை அவர் தினமும் காலையில் எல்லாருக்கும் அனுப்புவார். அவருடைய சிநேகிதர் ஜீவானந்தம் அதற்குத் தவறாமல் ஒரு கும்பிடு போடுவார்.

ஜீவானந்தம் ஆட்டோவில் மைக் கட்டிப் பிரசாரம் செய்கிறவர். எல்லாக் கட்சிக்கும் ஒரே தொண்டை. வீரபாகுவை நேரில் "தலைவரே" என்பார். அந்தப் பக்கம் போனதும் "நம்ம கஜினி" என்பார். பதினேழு படையெடுப்பில் இன்னும் பதினாலு பாக்கி இருக்கிறது என்று தெருவே அவர் புண்ணியத்தில்தான் கணக்கு வைத்திருந்தது.

2022 ஜனவரியில் மறுபடியும் தேர்தல் அறிவிப்பு வந்தது. வீரபாகு வெள்ளை வேட்டியை இஸ்திரிக்குக் கொடுத்த அன்று அவர் மனைவி தெய்வநாயகி சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு, சாதம் போடாமல் நின்றாள்.

"இதான் கடைசி."

"இன்னா கடைசி?"

"எலக்‌ஷனு. இருபது வருசமா நானும் பார்த்துகினுதான் இருக்கேன். எங்க அண்ணன் வூட்டு விசேசத்துக்குப் போனா, உங்க வூட்டுக்காரரு இந்தத் தபா எவ்ளோன்னு பரீட்சை மார்க்கு கேக்கற மாதிரி கேக்கறாங்க. இதுல ஜெயிச்சா உங்க இஷ்டம். தோத்தீங்கன்னா அதுக்கப்புறம் எலக்‌ஷன்னு வாயத் தொறக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க, சோறு போடறேன்."

பசி. சத்தியம் செய்தார். ஆக, ஐம்பத்திரண்டு வயதில் வீரபாகுவுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு தேர்தல். ஒரே ஒரு தடவை, கேலி இல்லாமல், நிஜமான கவுன்சிலராக டீக்கடை வழியே நடந்து போக வேண்டும். அதைவிடப் பெரிதாக அவர் கடவுளிடம் எதையும் கேட்டதில்லை.

தோற்றதற்குக் காரணம் கண்டுபிடிப்பதில் அவர் சமர்த்தர். முதல் தோல்விக்குச் சின்னம் சரியில்லை. இரண்டாவதற்கு மழை. மூன்றாவதற்குத் துரோகம். இந்த மூன்றாவதுதான் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக் கிடந்தது. ஏனென்றால் 2011-ல் அவர் கையில் அத்தாட்சி இருந்தது. வாக்காளர் பட்டியலை நோட்டில் எழுதிக்கொண்டு வீடு வீடாகப் போய், "நம்மளுக்குத்தானே ஓட்டு?" என்று கேட்டு, தலையாட்டியவர்களுக்கு நேரே பச்சை மையில் டிக் அடித்திருந்தார். நானூற்று இருபத்தாறு டிக். எண்ணிப் பார்த்தால் அறுபத்துநான்கு ஓட்டு. முந்நூற்று அறுபத்திரண்டு பேர் முகத்துக்கு நேரே தலையாட்டிவிட்டு முதுகில் குத்தினார்கள் என்று பதினோரு வருஷமாகப் புழுங்கிக்கொண்டிருந்தார்.

யாரும் குத்தவில்லை. வீரபாகு ஓட்டுக் கேட்கப் போனது காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை. தறி ஓடுகிற நேரம். குழிக்குள் காலை விட்டு மிதியை மிதித்து, ஒரு கையால் இழைக்குள் ஓடும் நாடாவின் கயிற்றைச் சுண்டி, மறு கையால் அச்சுப் பலகையைத் தன் பக்கம் இழுத்து அடிக்கிறவருக்கு ஒவ்வொரு அடிக்கும் தலை முன்னால் போய்ப் பின்னால் வரும். வாசலில் வேட்பாளர் நின்றாலும் ஆடும், வெள்ளாடு நின்றாலும் ஆடும். அந்தச் சத்தத்தில் வந்தவர் கேட்டது காதில் விழுந்திருக்கவும் நியாயம் இல்லை.

வாலிபத்தில் எட்டு வருஷம் இதே குழியில் உட்கார்ந்து தலையாட்டியவர் வீரபாகு. வெளியூர்க்காரன் இந்தத் தப்பைச் செய்ய மாட்டான், சத்தம் நிற்கட்டும் என்று வாசலில் காத்திருப்பான். தறியிலிருந்து இறங்கி, முதலாளியாகி, ஆடுகிற தலையெல்லாம் தனக்காகவே ஆடுகிறது என்று பழகிப்போனவருக்குத்தான் இந்தத் தப்பு கைவரும்.

2022-ல் அவருக்குக் கேரம் போர்டு சின்னம். ஜீவானந்தம் ஆட்டோவில் பின்னால் வர, புது நோட்டும் பச்சைப் பேனாவுமாக முதல் நாள் காலை தெருவில் இறங்கியவருக்குத் திக்கென்றது. ஒரு தலையும் ஆடவில்லை. வீடு வீடாக எட்டிப் பார்த்தார். எல்லாரும் சும்மா உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தார்கள். "நம்மளுக்குத்தானே ஓட்டு?" என்றால், "பார்க்கலாங்க" என்று வாயால் சொன்னார்கள். எட்டு வீட்டில் ஒரு டிக் கூட விழவில்லை. ஆரம்பத்திலேயே இவ்வளவு எதிர்ப்பா என்று அவருக்கு வேர்த்துவிட்டது.

ஒன்பதாவது வீடு காசியம்மாளுடையது. வேறொரு முதலாளியிடம் பட்டு இழைப் பாவு வாங்கி நெய்கிறவள், ஐம்பது வயதுக்குள் இருக்கும். வீட்டில் புருஷன், மாமியார், இரண்டு மகன்கள், ஒரு மருமகள் என்று அவளோடு சேர்த்து ஆறு ஓட்டு. வாசல்படியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா காசியம்மா, தறி ஓடல?"

"இன்னாத்த ஓட்டறது? உள்ளார வந்து பாருங்கண்ணா."

அந்த வீட்டுக்குள் போவதே இறங்கிப் போகிற மாதிரிதான். முன்பெல்லாம் தெருவிலிருந்து இரண்டு படி ஏறி உள்ளே போவார்கள். ஜெயக்குமார் கவுன்சிலராக இருந்த காலம் முழுக்க, பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புது ரோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். காண்ட்ராக்டர் ஜெயக்குமாரின் மச்சான். கனம் கூடக் கூட மச்சானுக்கும் கனம் கூடியது. ரோடு ஏறியது, கால்வாய் ஏறியது, வீடுகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்து பள்ளமாகிவிட்டன. இப்போது தெருவிலிருந்து ஒரு படி இறங்கித்தான் உள்ளே போக வேண்டும்.

வெயிலிலிருந்து உள்ளே நுழைந்த வீரபாகுவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் பழக்கம் விடவில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டபடி நாலு எட்டு எடுத்து வைத்தார். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். அவர் காலை மட்டும் விடவில்லை, ஆளே போனார்.

"பாவைப் புடிச்சிடாதீங்க!" என்று காசியம்மாள் அலறினாள். ஆளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. தறியின்மேல் துணி போட்டு மூடி வைத்திருந்த பட்டு இழைகளை எட்டிப் பிடித்தால் தப்பியிருப்பார், இழை அறுந்திருக்கும். கையும் பாதி தூரம் போய்விட்டது. அந்த ஒரு நொடியில், இருபது வருஷ வேட்பாளருக்கு அடியில் தூங்கிக்கிடந்த நெசவாளி விழித்துக்கொண்டார். கையை இழுத்துக்கொண்டு அப்படியே தறிக்குழித் தண்ணீரில் உட்கார்ந்தார்.

எழுந்து நின்றார். முழங்காலுக்கு மேல் தண்ணீர். கால்வாயிலிருந்து ஊறி வந்த தண்ணீர், அதன் வாசனையைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே மரியாதை.

"வந்ததே வந்தீங்க, கொஞ்ச நேரம் அங்கியே நில்லுங்கண்ணா," என்றாள் காசியம்மாள். பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் அவளுக்குக் குரல் திரும்பிவிட்டது. "மழ வுட்டு ரெண்டு மாசம் ஆவுது. காலைல மொண்டு ஊத்தினா சாயங்காலம் ரொம்பிக்குது. நெய்யறத வுட்டுட்டு எங்க வூட்டு ஆம்பளைங்க இதுலதான் நின்னு மொண்டுகினு இருக்காங்க. தெரு முச்சூடும் இந்தப் பேஜாருதான்."

வீரபாகுவுக்கு இந்த நிலைமையிலும் ஒரு சந்தேகம்தான் முந்திக்கொண்டு வந்தது.

"போன தபா எனக்குத்தானே போட்ட? தலையாட்டினியே?"

"எப்போ?"

"காலைல, பத்து பத்தரை இருக்கும். நான் டிக் கூட அடிச்சேன்."

"நானு தறியில இருந்தனா?"

"ஆமா."

காசியம்மாள் முதலில் சிரிக்காமல் இருக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "அண்ணா, தறியில குந்திகினு தலைய ஆட்டாம எப்பிடி நெய்யறது? நீங்களும் நெய்ஞ்சவருதானே? மூணு தபாவும் உங்களுக்கு நாங்க போட்டதே இல்லீங்க. எங்க வூட்டுல ஒரு ஓட்டு கூட."

முகத்துக்கு நேரே ஒருவர் அவரிடம் இல்லை என்று சொன்னது இருபது வருஷத்தில் அதுதான் முதல் தடவை. நாற்ற நீரில் நின்றபடி வீரபாகு நானூற்று இருபத்தாறு பச்சை டிக்கையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவர் அங்கே நின்றதை ஜீவானந்தம் வாசலிலிருந்து போனில் படம் எடுத்துவிட்டார். கேலிக்குத்தான் எடுத்தார். அதை அனுப்பியதும் கேலிக்குத்தான். ஆனால் மத்தியானத்துக்குள் தெருவில் எல்லார் போனுக்கும் போய்ச் சேர்ந்த அந்தப் படம் வேறு வேலை செய்தது. தறிக்குழித் தண்ணீரில் ஒரு வேட்பாளர் நிற்பதை அதுவரை யாரும் பார்த்ததில்லை. அவராக இறங்கினாரா, விழுந்தாரா என்று படத்தில் தெரியவில்லை. சாயங்காலம் நாலு பேர் வந்து, "எங்க குழியையும் கொஞ்சம் வந்து பாருங்க" என்று கூப்பிட்டார்கள்.

அடுத்த மூன்று வாரம் வீரபாகு குழி குழியாக இறங்கினார். நோட்டைத் தூக்கிப் பரணில் போட்டார். அந்தி சாய்ந்தபின் போய் உட்கார்ந்து, கேட்டார். காது கொடுத்துக் கேட்பது அவருக்குப் புதுசு, முதல் இரண்டு நாள் தலைவலி வந்தது. அதற்காக அவர் ஒரேயடியாகத் திருந்திவிட்டார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். முதல் நாள் விழுந்தபோது கறையான வேட்டியை மூன்று வாரமும் துவைக்கவிடாமல் அதையே கட்டிக்கொண்டு போனார். தெய்வநாயகி அவருக்குச் சாப்பாட்டை வாசலில் வைத்துப் போட்டாள். ஆனால் பேச்சு ஒன்றுதான் பேசினார். "ரோட்டைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் புது ரோடு. பழைய மட்டத்துக்குக் கொண்டாந்து வுடறேன். வேற எதுவும் நான் சொல்லல."

ஜெயக்குமார் முதல் வாரம் சிரித்தார். இரண்டாவது வாரம் தெருவுக்கு இரண்டு மோட்டார் பம்பு அனுப்பினார். மூன்றாவது வாரம் அவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு குழியில் இறங்கி நின்று படம் எடுத்துக்கொண்டார். அந்தக் குழியில் முதலில் பினாயில் ஊற்றியிருந்தார்கள் என்று ஜீவானந்தம் சொன்னார். அந்தப் பிரசாரத்துக்கும் மைக் அவர்தான்.

எண்ணிக்கை அன்று மத்தியானம் முடிவு வந்தது. ஜெயக்குமார் நானூற்றுப் பதின்மூன்று. வீரபாகு நானூற்று இரண்டு.

பதினோரு ஓட்டு. மறுபடி எண்ணச் சொன்னார், எண்ணினார்கள், அதே பதினோரு ஓட்டு. இதற்கு முன் தோற்றபோதெல்லாம் அவர் விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று துண்டை உதறிக்கொண்டு வந்தவர். முந்நூறு நானூறில் தோற்றால் அது மழை மாதிரி, ஊருக்கே பெய்கிறது. பதினோரு ஓட்டில் தோற்பது வேறு. அந்தப் பதினோரு பேரும் தினம் எதிரில் வருவார்கள், குட் மார்னிங் சொல்வார்கள், அது எந்தப் பதினோரு பேர் என்று தெரியாது. அன்று வீட்டுக்கு வந்து படுத்தவர் மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. தெய்வநாயகி சத்தியத்தை ஞாபகப்படுத்தவில்லை. அதற்கு அவசியமே இல்லாமல் போயிற்று.

அவர் வாயைத் திறக்காமல்தான் இருந்தார். பட்டு, ஜரிகை, சேலை என்று வியாபாரத்தைப் பார்த்தார். அமெரிக்காக்காரரைக் கூட அனுப்புவதை நிறுத்திவிட்டார். ஒன்றரை வருஷம் கழித்து ஒரு நாள் காலையில் பாவடித் தெருவில் டமடமவென்று சத்தம் கேட்டது. வெளியே வந்து பார்த்தால், ரோடு சுரண்டுகிற மிஷின். பக்கத்தில் குடை பிடித்தபடி ஜெயக்குமார்.

பத்து நாள் சுரண்டினார்கள். அடுக்கடுக்காகத் தார் பெயர்ந்து வந்ததைக் களம்பூர்ப் பக்கத்து லாரிகள் அள்ளிக்கொண்டு போயின. கால்வாயையும் தோண்டித் தாழ்த்தினார்கள். வீரபாகுவால் அந்தச் சத்தத்தைக் காதில் வாங்க முடியவில்லை. சேவூரில் தங்கை வீட்டுக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தார். திரும்பி வந்தபோது வீடுகளுக்கெல்லாம் புதைந்திருந்த பழைய படிகள் வெளியே வந்திருந்தன. தெருமுனையில் ஒரு பெரிய ஃபிளெக்ஸ். ‘பள்ளம் தீர்த்த வள்ளலே! பாவடித் தெருவின் செல்லமே!’ வாசகம் ஜீவானந்தம் எழுதிக் கொடுத்தது.

அந்த ஃபிளெக்ஸைப் பார்த்த அன்று அவருக்கு வந்த கோபம் சாதாரணமானதில்லை. குழியில் விழுந்தது யார்? நாறியது யார்? மூன்று வாரம் தொண்டை கிழியக் கத்தியது யார்? திருடன் பொருளைத் தூக்கிக்கொண்டு போனால் போலீசில் சொல்லலாம். வாக்குறுதியைத் தூக்கிக்கொண்டு போய் நிறைவேற்றிவிட்டவனை எங்கே சொல்வது?

போன கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் அடித்தது மழை. கமண்டல நாகநதியில் வெள்ளம் இரண்டு கரையும் தொட்டுப் போகிறது என்றார்கள். அடுத்த தேர்தல் பேச்சும் அங்கங்கே கிளம்பியிருந்த நேரம். மூன்றாம் நாள் காலையில் வீரபாகு குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மழையில் எங்கே என்று தெய்வநாயகி கேட்டதற்குச் சும்மா என்றார். சும்மா இல்லை. ஜெயக்குமாரின் மச்சான் செய்த வேலை எங்காவது ஒரு இடத்தில் ஓட்டையாக இருக்காதா, ஒரு குழியிலாவது தண்ணீர் ஊறியிருக்காதா என்று பார்க்கத்தான் போனார். மனிதன் நல்லவன்தான். ஆனால் அன்று காலையில் தெரு முழுக்கத் தண்ணீர் ஏற வேண்டும் என்று அவர் மனசார வேண்டிக்கொண்டதை மறைப்பதற்கில்லை.

தெருவில் எல்லா வீட்டிலும் தறி ஓடிக்கொண்டிருந்தது. காசியம்மாள் வீட்டுக்கு இரண்டு படி ஏறிப் போனார். இந்த முறை நிதானமாகக் கண் பழகும் வரை நின்று, எட்டிப் பார்த்தார். அவள் காலடியில் குழி பொட்டுத் தண்ணீர் இல்லாமல் காய்ந்து கிடந்தது. வீரபாகுவுக்கு வயிறு எரிந்தது.

அவரைப் பார்த்ததும் காசியம்மாள் தறியை நிறுத்திவிட்டு மேலே ஏறி வந்தாள். "வாங்கண்ணா. பார்த்தீங்களா, துளி தண்ணி இல்ல. இந்த மழையில போன வாரம் ஒரு சேல நெய்ஞ்சு அறுத்தாச்சு."

"பார்த்தேன், பார்த்தேன். எல்லாம் உங்க வள்ளலு புண்ணியம்."

"அவன் புண்ணியமா? நல்லா சொன்னீங்க. உங்க புண்ணியம்ணா."

வீரபாகு கொஞ்சம் குளிர்ந்தார். "அப்ப நீயாச்சும் எனக்குப் போட்ட."

"இல்லீங்களே."

அவள் அதை வெட்கப்பட்டுக்கொண்டோ பயந்துகொண்டோ சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த மோடாவை அவருக்கு இழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னாள். "பொய் சொல்லுவானேன். ஆறும் அவனுக்குத்தான் போட்டோம்."

வீரபாகு நின்றபடியே கணக்குப் போட்டார். நானூற்றுப் பதின்மூன்றில் ஆறு போனால் நானூற்று ஏழு. நானூற்று இரண்டில் ஆறு சேர்ந்தால் நானூற்று எட்டு. ஒரு ஓட்டு. ஒரே ஒரு ஓட்டில் கவுன்சிலர். அவர் மோடாவில் உட்கார்ந்தார்.

"ஏன் காசியம்மா? உன் குழியிலதானே நான் வுழுந்தேன்?"

"கோச்சுக்காதீங்க. நீங்க ஜெயிச்சிருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க? மனு எழுதுவீங்க. நல்ல மனுசன், எழுதிகினே இருப்பீங்க. மிசினு யாரு கையில கீது? அவன் மச்சான் கையில. காண்ட்ராக்ட்டு? அதுவும் அவன் கையில. நீங்க வந்தா அவன் ஒரு வேலையும் நடக்க வுட மாட்டான். அதுக்குத்தான் அவனே ஜெயிக்கட்டும், ஆனா பயந்துகினே ஜெயிக்கட்டும்னு நாங்க பேசிகினோம். பதினோரு ஓட்டுன்னதும் எப்பிடி ஓடியாந்தான் பார்த்தீங்க இல்ல?"

"நாங்கன்னா?"

"நம்ம தெருவுல ஒரு அஞ்சாறு வூடு."

அந்தப் பதினோரு பேர் யார் என்று இரண்டு வருஷம் தூக்கம் கெட்டவருக்கு, பதில் இவ்வளவு சுலபமாக, தறிக்குப் பக்கத்தில் வைத்துக் கிடைத்தது.

"அடுத்த எலக்‌ஷனு வருதாமே," என்றாள் காசியம்மாள். "தண்ணிக் குழாய் மேட்டர் ஒண்ணு கீதுண்ணா. ரெண்டு நாளைக்கு ஒரு தபா வுடறானுங்க. நீங்க மறுபடியும் நிக்கணும். நிக்காம வுட்டுடாதீங்க. சோறு துன்னாத புள்ளைக்கு பூச்சாண்டி வேணும் இல்ல?"

"பூச்சாண்டியா?" வீரபாகு எழுந்துவிட்டார். "இருபது வருசமா நாயா அலைஞ்சேன் காசியம்மா. எனக்கும் ஒரு தபாவாச்சும் ஜெயிக்கணும்னு இருக்காதா?"

அவளுக்கும் பாவமாகத்தான் இருந்தது. "இருக்கும்ணா," என்றாள். "இல்லன்னு சொல்லல. ஆனா நீங்க ஜெயிச்சிட்டீங்கன்னா, அப்புறம் எங்களுக்காக யாரு நிப்பாங்க?"

குடையை அங்கேயே விட்டுவிட்டு அவர் மழையில் நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தார். தெய்வநாயகி துண்டு எடுத்துக் கொடுத்தாள். தலையைக்கூடத் துவட்டாமல் ஒன்று விடாமல் அவளிடம் சொன்னார். ஆறு ஓட்டு, அஞ்சாறு வீடு, பூச்சாண்டி எல்லாம் சொன்னார். தன் பக்கம் ஒரு ஆள் வேண்டியிருந்தது. சத்தியத்தை எடுத்துப் போட்டு, "இனிமே எவனுக்காகவும் நிக்க வேணாம், வூட்டுல இருங்க" என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு மானத்தோடு ஒதுங்கிவிடலாம் என்று நினைத்தார்.

தெய்வநாயகி பின்கட்டுச் சுவரைப் பார்த்தாள். பட்டு மூட்டை அடுக்குகிற அந்தச் சுவரில் வருஷா வருஷம் இடுப்பு உயரத்துக்கு ஏறும் ஈர ஓதம் இந்த மழைக்கு ஏறவில்லை. சமையல் கட்டில் காலிக் குடங்கள் வரிசையாக இருந்தன, குழாயில் தண்ணீர் வந்து மூன்று நாள் ஆகிறது.

"நில்லுங்க," என்றாள்.

"இன்னாடி சொல்ற? நீதானே சத்தியம் வாங்கின?"

"நான் வாங்கினேன், நானே வுட்டுட்டேன். மனுவுல முன்மொழியறதுக்கு ஆளு வேணும்னா நானே வந்து கையெழுத்துப் போடறேன். காசியம்மா சொல்றது சரிதான்." துண்டை அவர் கையிலிருந்து வாங்கி, அவள்தான் அவர் தலையைத் துவட்டிவிட்டாள். இருபது வருஷத்தில் ஒரு தேர்தல் பேச்சின்போது அவள் இவ்வளவு பிரியமாக இருந்ததில்லை. "ஆனா ஒண்ணுங்க. நாலு எடத்துல குழியில இறங்குங்க, நல்லா பேசுங்க. ஜெயிச்சு மட்டும் தொலைச்சிடாதீங்க."

வீரபாகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். இந்தத் தெரு அவரை முதல் முறையாக நம்பிவிட்டது. நான்கு தோல்விக்கும் அழாதவர் அதற்கு அழுதார்.